அறுபத்தைந்தாம் வாய்ப்பாடு

சிங்கப்பூர், ஈசூன்.

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமா எழுதுவது. அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்தில் அக்கா, அத்தான், உன் மனைவி ஆகியோருடைய க்ஷேமத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் கண்டு மெத்த சந்தோஷம் அடைந்தேன். இந்தத் தீவில் உள்ள ஒரு கம்பெனி உன்னுடைய கணிப்பொறி ஞானத்தை மெச்சி, மாதம் 6,000 வெள்ளி சம்பளத்தில் உத்தியோகம் தர முன்வந்திருப்பதையும், வெள்ளி ஒன்றுக்கு 65 ரூபாய் என்று வைத்து நீ அதைப் பெருக்கி, 3,90,000 ரூபாய் என்னும் விடையைக் கண்டுபிடித்து, அதன் கீழே இரண்டு கோடு இழுத்து அனுப்பியிருப்பதையும் மிகுந்த சிரத்தையோடு வாசித்தேன். பெருக்கலில் பிழை இல்லை. சிறு வயதிலிருந்தே நீ கணக்கில் கெட்டிக்காரன். அந்த விடை இதற்குள் அக்காவின் வாய்வழியாகத் தெருக்கோடி வரை பிரயாணம் செய்து, போன வீட்டிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சதைபோட்டு, நாலரை லட்சம் என்னும் பூரண ஆகிருதியோடு வீடு திரும்பியிருக்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும், “போகலாமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் மாமா” என்று நீ கேட்டுவிட்டபடியால், இந்தத் தீவில் நெடுநாள் உப்புத் தின்றவன் என்ற பாத்தியதையில், சில விஷயங்களைச் சாவகாசமாக எழுதுகிறேன்.

இங்கே புதிதாக வந்து இறங்கும் நம்மவர் ஒவ்வொருவரையும் முதல் சில மாதங்களுக்கு ஒரு வியாதி பிடித்து ஆட்டும். காப்பிக்கடையில் ஒரு கோப்பைக் காப்பி 1 வெள்ளி 40 காசு என்றால், கோப்பையைக் கையில் வாங்குமுன்பே மனசுக்குள் 65ஆம் வாய்ப்பாடு ஓடி, 91 ரூபாய் என்று விடை வந்து, சர்க்கரை போட்ட காப்பியே கசந்துபோகும். நம்மவர் பேட்டையான தேக்காவில் முடி வெட்டிக்கொள்ளப் பத்து வெள்ளி என்றால், 650 ரூபாய் கொடுத்து வெட்டும்படி இந்தத் தலையில் அப்படி என்ன இருக்கிறது என்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆத்ம விசாரம் நடக்கும். இந்த வியாதியின் விசித்திரம் என்னவென்றால், நாளடைவில் இது பாதிதான் குணமாகும்: செலவைப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் பசி, தாகம் ஆகியவற்றின் நிர்ப்பந்தத்தால் தானே போய்விடும், வரவைப் பெருக்கிப் பார்க்கும் பழக்கமோ ஆயுள் பரியந்தம் நிற்கும். வெள்ளியில் சம்பாதித்து, வெள்ளியில் செலவழித்து, கடைசியில் மிஞ்சுகிறதை மட்டும் ரூபாயாக்குவதே நியாயம். சம்பளத்தை முழுசாக ரூபாயாக்கிப் பார்ப்பவன், சாப்பாடும் கூரையும் இல்லாமல் ஜீவிக்கக் கற்ற மகானாக இருக்க வேண்டும்.

ஆகையால் முதலில் கூரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இத்தீவின் ஜனங்களில் பெரும்பாலோர் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில். சுருக்கமாக வீவக வீடு என்போம். உன்னைப் போல் வேலை அனுமதிச் சீட்டில் வருகிறவன் அதை விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்கு எடுக்கலாம். மூவறை வீடு என்று விளம்பரத்தில் கண்டு மூன்று படுக்கையறை இருக்கும் என்று மயங்கிவிடாதே. இவர்கள் கணக்கில் கூடமும் ஓர் அறை. அப்படிப்பட்ட வீடு ஒன்று மாதம் 2,800 வெள்ளிக்கு அமைந்தால் நல்ல வேளை என்று நினைத்துக்கொள். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றால், முதல் மாத வாடகையோடு இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், மொத்த வாடகையில் 0.4 சதவீதத்தை முத்திரைத் தீர்வையாகவும் கட்டி, ஆக 8,668 வெள்ளியை எண்ணி வைத்த பிறகுதான் சாவி கைக்கு வரும். முதல் சம்பளம் வருமுன்பே ஒன்றரை மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவான தொகை போய்விடும் என்பதையும், அது ஊரிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்பதையும் அத்தானிடம் பக்குவமாகச் சொல்லிவை.

முழு வீடு எதற்கு, ஓர் அறை போதாதா என்று கேட்பாய். நானும் வந்த புதிதில் ஓர் அறையில் குடியிருந்தவன்தான். வீட்டுக்கார அம்மாள் பரம சாது. ஆனால் ‘லைட் குக்கிங்’ மட்டுமே செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அதற்கு அந்த அம்மாள் செய்த வியாக்கியானத்தின்படி, வெந்நீர் வைக்கலாம், முட்டை அவிக்கலாம், பாக்கெட் நூடுல்ஸைக் கொதிக்கவிடலாம். எண்ணெயில் கடுகு வெடித்தாலோ அது கனரகத் தொழிலில் சேர்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாள் சந்தைக்குப் போன சமயம் பார்த்து, ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்து வைத்துவிட்டு, ரசத்துக்குத் தாளித்தேன். கடுகும் சீரகமும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் ஒன்றுகூடி எழுப்பிய வாசனை, ஜன்னல் வழியை அலட்சியம் செய்து, வாசல் வழியே மின்தூக்கி வரை நடந்து சென்று, திரும்பி வந்த அம்மாளை எதிர்கொண்டு அழைத்து வந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாணலியை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். மின்விசிறியை மூன்றாம் எண்ணில் திருப்பிவிட்டுத் தம் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அடுப்புக்கு மேலே, சீனத்திலும் ஆங்கிலத்திலுமாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘நோ ஸ்மெல்’. குடும்பஸ்தனாகிய நீ இந்த ஷரத்தில் காலம் தள்ள மாட்டாய் என்பதால்தான் முழு வீட்டுக் கணக்கை எழுதினேன்.

அடுத்தது வரி. நம் ஊரில் சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். இங்கே சம்பளம் முழுசாக வரும்; அதைக் கண்டு மனிதன் தன்னைத் தனவந்தன் என்று நம்பி வருஷம் முழுவதும் செலவழித்து முடித்ததும், அடுத்த வருஷத்தில் வரிச் சீட்டு வரும். தொகை பயங்கரமானது அல்ல. முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. உன் சம்பளத்துக்கு, சலுகைகள் போக, வருஷத்துக்குச் சுமார் 2,600 வெள்ளி ஆகும். அதையும் வட்டியின்றிப் பன்னிரண்டு தவணையில் கட்டலாம். ஆனால் சேமநிதி விஷயம் வேறு. இந்நாட்டுப் பிரஜைக்கு 55 வயது வரையில் முதலாளி சம்பளத்துக்கு மேல் 17 சதவீதத்தை மத்திய சேமநிதியில் போட வேண்டும் என்பது சட்டம். அனுமதிச் சீட்டில் வந்த உனக்கு அதில் ஒரு காசும் கிடையாது. கோயம்புத்தூரில் உன் பேருக்கு விழுந்துகொண்டிருக்கும் பி.எஃப். பணமும் நின்றுபோகும்.

இனி உன் மனைவி விஷயம். சார்ந்திருப்போர் அனுமதியில் மனைவியை அழைத்துவரக் குறைந்தபட்சம் 6,000 வெள்ளி மாதச் சம்பளம் வேண்டும். உன் சம்பளம் மிகச் சரியாக அந்த வாசற்படியில் வந்து நிற்கிறது. ஒரு வெள்ளி குறைந்தாலும் அவள் கோயம்புத்தூரிலேயே இருக்க வேண்டியவள்தான். சரி, வந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படி வந்தவர்கள் இங்கே உத்தியோகம் பார்க்க வேண்டுமானால், 2021 மே மாதம் முதல், தங்களுக்கென்று தனியாக ஒரு வேலை அனுமதி பெற்றாக வேண்டும். அது கேட்டதும் கிடைத்துவிடக்கூடிய வஸ்து அல்ல. பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கும் 45,000 ரூபாய், அவள் விமானம் ஏறிய கணமே நின்றுவிடும்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். வாடகை 2,800, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, இணையம் 250, மளிகையும் சாப்பாடும் 800, பஸ், ரயில் 200, வரி 215, ஊருக்கு வந்துபோக மாதாமாதம் ஒதுக்குவது 150, மருந்து, துணிமணி, மொய் முதலிய சில்லறைகள் 185, ஆக 4,600 வெள்ளி. மிஞ்சுவது 1,400. இதைத் தாராளமாக 65ஆல் பெருக்கிக்கொள்: 91,000 ரூபாய். கோயம்புத்தூரில் உன் கைக்கு வருவது 1,10,000, அவள் கைக்கு வருவது 45,000, குடும்பச் செலவு 65,000 என்று அக்காவே ஒருமுறை சொல்லியிருக்கிறாள், மிச்சம் 90,000. ஆகவே இந்த அந்நிய உத்தியோகத்தால் உனக்கு விளையும் லாபம் மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்க்காக வங்காள விரிகுடாவைத் தாண்டுகிறவன் நீந்தித் தாண்டுவதே உசிதம்.

இதைக் கண்டு மனம் கசந்து, கம்பெனிக்கு மறுப்பு எழுதிவிடாதே. அதே 6,000 வெள்ளியை, பிரமசாரியாக ஆயிரம் வெள்ளி அறையில் இருப்பவன் வாங்கினால், 3,600 வெள்ளி மிஞ்சும்; அது மெய்யாகவே செல்வம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றோடு வருகிறவனுக்கோ, சர்வதேசப் பள்ளியின் கட்டணமே மாதம் ஆயிரம் வெள்ளியை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகிறபடியால், மாசக் கடைசியில் காப்பிக்கும் யோசிக்க வேண்டிவரும். யாரோடு வருகிறோம் என்பதைப் பொறுத்தே ஒரே சம்பளம் மூன்று சம்பளமாகிறது.

கார் வாங்கலாமா என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாய். காரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கே இங்கே 1990 முதல் ஏலம் நடக்கிறது. பத்து வருஷத்துக்குச் செல்லுபடியாகும் அந்தச் சான்றிதழ் சமீப காலத்தில் லட்சம் வெள்ளிக்கு மேலும் போயிருக்கிறது. கார் தனி விலை. இதை மட்டும் 65ஆல் பெருக்காதே, உடம்புக்கு ஆகாது. பஸ்ஸும் ரயிலும் நன்றாகவே ஓடுகின்றன.

கணக்கில் ஏறாத லாபங்களும் உண்டு என்பதை மறைப்பது பாபம். குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கலாம். நடுநிசியில் பெண்பிள்ளை தனியே நடந்து வீடு திரும்பலாம். ஆட்சி மொழி நான்கில் தமிழும் ஒன்று. ரயில் நிலையத்து எச்சரிக்கைகூட நம் பாஷையில் காதில் விழும். 1935ல் தோன்றிய ‘தமிழ் முரசு’ இன்னும் வருகிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827 முதல் மாரியம்மன் குடியிருக்கிறாள். தீபாவளிக்கு அரசாங்க விடுமுறை உண்டு. ஊரை நினைத்து ஏங்கிக் கண்ணீர் விடலாம் என்று உட்கார்ந்தால், அதற்குக்கூட இங்கே பூரண சௌகரியம் இல்லை.

ஆகவே என் யோசனை இதுதான். கம்பெனிக்கு நன்றி தெரிவித்து, 7,500 வெள்ளி தர முடியுமா என்று மரியாதையாகக் கேள். சம்பளம் கால் பங்கு ஏறினால், வாடகையும் அரிசியும் ஏறாதபடியால், கூடுதல் வரி போகவும் உன் மிச்சம் ஏறக்குறைய இரட்டித்துவிடும். பேரம் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சூட்சுமம் அது. கொடுத்தால் வா, கொடுக்காவிட்டால், அனுபவத்துக்காக இரண்டு வருஷம் என்று தீர்மானித்துக்கொண்டு வா, அல்லது வராமல் இரு. மூன்றும் கௌரவமான முடிவுகளே.

ஆனால் ஒன்று கவனித்தேன். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கம்பெனியின் பெருமை வருகிறது, கார் வருகிறது, அக்காவின் ஆனந்தக் கண்ணீர் வருகிறது. உன் மனைவி என்ன நினைக்கிறாள் என்பது ஒரு வரிகூட வரவில்லை. வேலையை விட வேண்டியவள் அவள். நீ ஆபீசுக்குப் போனபின் பத்தாவது மாடியில் பகல் முழுவதும் தனியே இருக்க வேண்டியவளும் அவள். மாமாவிடம் கேட்பதற்கு முன் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அவளுடைய அபிப்பிராயத்தை அவள் கைப்பட எழுதி அடுத்த தபாலில் அனுப்பச் சொல். அதைப் படித்த பிறகே உனக்குப் பதில் எழுதுவேன்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
மாமா.