போனவன் நல்லவன்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வீரர் பரிமாற்றக் கருத்தியல் — ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

ஐ.பி.எல். அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து டீக்கடைகளிலும் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக் கடைத்தெருவிலும் எழும் கருத்துகளை முறைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். அணி முதலாளிகள் கோடிகளைக் கொட்டி ஓர் ஆளை வாங்குகிறார்கள். இங்குள்ளவர்களோ பைசா செலவில்லாமல் பதினோரு பேரையும் விற்றுவிட்டு, காலி கிளாஸை வைத்துவிட்டுப் போகிறார்கள். இந்த இரண்டாம் வகை வணிகத்தைப் பல்கலைக்கழகங்கள் இதுவரை கண்டுகொள்ளவில்லை.

முன்னோடிகள்

இத்துறையில் மூத்தவர்கள் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 1919 டிசம்பரில் பேப் ரூத் என்ற வீரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றது. 1918இல் கோப்பை வென்றிருந்த பாஸ்டன், மறுபடி வென்றது 2004இல். இடைப்பட்ட 86 ஆண்டுத் தோல்விக்கும் அந்த ஊரார் கண்ட காரணம் பேப் ரூத்தின் சாபம். தாத்தா தொடங்கிய புலம்பலைப் பேரன் முடித்துவைத்தான். நம் பக்கம் கேட்டிருந்தால் ஒரு பூசணிக்காய்ச் செலவில் முடித்துக்கொடுத்திருப்பார்கள். ஆக, விற்ற ஆளை மறக்காமலிருப்பது உலகப் பொது நோய். கள்ளக்குறிச்சிக்கு மட்டும் உரியதல்ல.

களம்

ஆனால் கள்ளக்குறிச்சிக்கு ஒரு தனித்தகுதி உண்டு. இவ்வூர் 1993 செப்டம்பர் வரை தென்னாற்காடு மாவட்டம். அதன்பின் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். ஐம்பது வயது தாண்டிய எவரும் வீடு மாறாமலேயே மூன்று மாவட்டங்களுக்கு ஆடியவர். சட்டை மாறினாலும் ஆள் அதே ஆள்தான் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலையில் நிலைமை இன்னும் நுட்பமானது. மூன்று ஜாகிர்தார்களின் கையிலிருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்கு வந்தது. இன்று வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், அதே மலைத்தொடரின் கருமந்துறை சேலம் மாவட்டத்திலும் இருக்கின்றன. சேலத்துக்குத் தமிழ்நாடு பிரீமியர் லீகில் (டி.என்.பி.எல்.) அணி உண்டு, கள்ளக்குறிச்சிக்கு இல்லை. அதாவது, ஒரு மரவள்ளிக் காட்டின் இந்தப் பக்கம் நிற்பவருக்குச் சொந்த அணி கிடையாது, அந்தப் பக்கம் நிற்பவருக்கு உண்டு. அந்தச் சேலம் அணியும் சேலத்தில் பிறந்ததல்ல. 2016இல் முதல் டி.என்.பி.எல். கோப்பையை வென்ற தூத்துக்குடி அணிதான் பின்னாளில் பெயர் மாறிச் சேலத்தில் குடியேறியது. கருமந்துறைக்காரர் தான் பார்க்காத ஒரு கோப்பைக்கு வாரிசு. தூத்துக்குடிக்காரரிடம் பார்த்த கண் மட்டும் மிச்சம்.

முதல் விதி: போனவன் நல்லவன்

ஒரு வீரரின் மதிப்பு, அவர் அணியை விட்டுப் போன நொடியில் உச்சத்தைத் தொடுகிறது. இதற்கான மறுக்கமுடியாத சான்று ரவீந்திர ஜடேஜா.

2012இல் சென்னை அணிக்கு வந்தவர் ஜடேஜா. கூட்டம் பார்க்க வந்த தோனி பேட் பிடிக்க வரவேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருப்பவர் அவுட் ஆகவேண்டும். முன்னால் இருந்தவர் பெரும்பாலும் இவர். எனவே சொந்த அணி ரசிகர்களே இவர் விக்கெட் விழுந்தால் விசிலடித்தார்கள். மேலே ஆடினால் நான் அவுட் ஆகவேண்டும் என்றுதான் காத்திருப்பார்கள் என்று 2023இல் ஆட்டநாயகன் விருதை வாங்கிக்கொண்டே அவர் சிரித்தபடி சொன்னார். 2024 ஏப்ரல் 8 அன்று கொல்கத்தாவுக்கு எதிரான ஆட்டத்தில், சேப்பாக்கத்தில் தோனி வரவேண்டிய நேரத்தில் இவர் பேட்டோடு நாலடி எடுத்து வைத்து, கூட்டத்தின் முகம் வாடியதும் திரும்பி உள்ளே போய் வேடிக்கை காட்டினார். தன் சந்தை நிலவரம் தெரிந்த மனிதர்.

2025 நவம்பர் 15 அன்று ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிக்கொண்டது. சாம்சனுக்கு 18 கோடி, ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது, கரனுக்கு 2.4 கோடி. அன்று மாலை டீக்கடையில் பதிவான உரையாடல்:

“ஒருத்தனுக்கு ரெண்டு பேரா? இது எந்த ஊரு கணக்கு?”

“அண்ணே, நீங்கதான ஜட்டு அவுட்டானா துண்டத் தூக்கிச் சுத்துவீங்க?”

“அது வீட்டுக்குள்ள. வீட்டுப் புள்ளய நாம திட்டலாம்டா. வித்துடுவாங்களா?”

இந்த அண்ணன் நினைவில் அப்போது ஓடியது 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்து மட்டும்தான். பத்து ரன் வேண்டும்; மோகித் சர்மா வீச, ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. ஐந்தாவது கோப்பை. அவர் தன் பத்தொன்பதாவது வயதில், 2008இல் முதல் கோப்பை வென்றதே ராஜஸ்தான் அணியில்தான், பிறந்த வீட்டுக்குத்தான் போகிறார் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். “பொறந்த வீட்டுக்குப் போனா திரும்பி வரணும்ல?” என்றார். ஆய்வாளரிடம் பதில் இல்லை.

இரண்டாம் விதி: வந்தவனுக்கு வாய்தா உண்டு

புதிதாக வருபவர் உடனே நம்மவர் ஆவதில்லை. ஜெயித்தால் “நான் அப்பவே சொன்னேன்”. தோற்றால் “அவங்க வேணாம்னு தள்ளிவிட்ட ஆளு”. 2025 டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களைச் சென்னை தலா 14.20 கோடிக்கு எடுத்தது. மதியம் இருவர் பெயரும் தெரியாத கடையில், விளக்கு வைப்பதற்குள் ஒருவரின் பந்துவீச்சில் உள்ள குறையைக் கையைச் சுழற்றிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிமலையில் செல்போன் டவர் அவ்வப்போது காணாமல் போவதால், கருத்து அங்கே சற்றுத் தாமதமாகவே சேர்கிறது. ஆனால் சேரும்போது கீழே இருந்ததைவிடச் சூடாக இருக்கிறது.

இவ்விதிக்கு வடக்கே கிடைக்கும் சான்று ஹர்திக் பாண்டியா. குஜராத் அணிக்கு 2022இல் கோப்பை வாங்கித் தந்தவர், 2023 நவம்பரில் மும்பைக்கு மாறி, ரோகித் சர்மாவின் இடத்தில் கேப்டனானார். 2024இல் வான்கடே மைதானத்தில் சொந்த அணிக் கூட்டமே கூச்சலிட்டது. மும்பை கடைசி இடம். அதே ஆண்டு ஜூன் 29 அன்று டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியாவுக்காகக் கடைசி ஓவரை அவர் வீசி முடித்தார். சில நாள் கழித்து வெற்றி விழாவில் அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. வாய்தா சில நேரம் மூன்று மாதத்தில் தீரும் என்பது இதனால் பெறப்படுகிறது.

மூன்றாம் விதி: விருது, வாங்காதவனுக்கே உரியது

2023 இறுதிப் போட்டியின் ஆட்டநாயகன் டெவன் கான்வே. 25 பந்தில் 47 ரன், நியாயமான தேர்வு. ஆயினும் கள்ளக்குறிச்சி டீக்கடைப் பேரவையில் அது ஜடேஜாவுக்குப் போகவேண்டியது என்பது தீர்மானம். அதே போட்டியில் தோற்ற குஜராத்துக்காக 96 ரன் அடித்த சாய் சுதர்சன் சென்னைப் பையன். 2025இல் 759 ரன் குவித்து, அதிக ரன்னுக்கான ஆரஞ்சு தொப்பியும் வாங்கினார், அதுவும் குஜராத் சட்டையில். “நம்ம பையன நாம எடுக்கல” என்ற குற்றச்சாட்டை, அவர் சதமடித்தால் பெருமையாகவும், சென்னைக்கு எதிராக அடித்தால் வசவாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே வாக்கியம், இரண்டு பயன்.

அதே 2025இல் சென்னை அணி வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடம் பிடித்தது. நன்னடத்தைக்கான ஃபேர் பிளே விருதும் பெற்றது. இந்த விருது மட்டும் யாருக்குப் போயிருக்கவேண்டும் என்று எவரும் வாதாடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

உள்ளூர்ச் சான்று

இவ்விதிகளைப் பேசும் பேரவையினர் தாமே பரிமாற்றம் செய்யும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள்? பொங்கலுக்கும் மே விடுமுறைக்கும் நடக்கும் டென்னிஸ் பால் தொடர்களே இதற்கு ஆய்வுக்கூடம். ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கும். மேலே மறைந்த நண்பரின் படம். நடுவே முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அவற்றை வழங்கும் பிரமுகர்களின் கூப்பிய கைகள். அடியில், நின்று குனிந்தால் மட்டும் தெரியும் எழுத்தில் விதிகள். நடுவர் தீர்ப்பே இறுதியானது. பஞ்சாயத்துக்கு உட்பட்டவர்கள் மட்டுமே ஆடலாம். ஆதார் அட்டை கட்டாயம்.

இவ்விதியை எழுதிய குழுவே, சின்னசேலத்திலிருந்து ஓர் இடக்கைப் பவுலரை முந்தின இரவு பைக்கில் இறக்கிவிடும். எதிரணி கேட்டால் “அத்தை பையன்”. சம்பளம்: பெட்ரோல், பரோட்டா, கப் அடித்தால் தனிக் கவனிப்பு. இதற்கிடையே, முகவரி மாற்றாத காரணத்தால் ஆதாரில் இன்னும் விழுப்புரம் மாவட்டம் என்றிருக்கும் உள்ளூர்ப் பையனை எதிரணி கேப்டன் வெளியூர்க்காரன் என்று மறிப்பார். சட்டப்படி இருவரில் யார் இறக்குமதி என்பதை நடுவர் முடிவு செய்வதற்குள் டாஸ் போட்டுவிடுவார்கள்.

ஐ.பி.எல்.லில் ஜடேஜாவுக்காகக் கண்கலங்கிய அதே அண்ணன்தான் இந்தக் குழுவின் பொருளாளர். மூன்று வருடம் தனக்காக ஓப்பனிங் இறங்கிய பையனைப் பன்னிரண்டாவது ஆளாக்கிவிட்டுச் சின்னசேலத்துக்காரரைக் களமிறக்கியவரும் அவரே. கேட்டால், “டீம் ஜெயிக்கணும்ல சார்” என்றார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் எவருக்கும் கணக்கு வந்துவிடுகிறது. விருதிலும் அப்படியே: முதல் பரிசு வெளியூர் போய்விட்டால், தொடர் நாயகன் கோப்பையாவது உள்ளூரில் தங்கவேண்டும் என்பது எழுதப்படாத மரபு.

முடிவும் பரிந்துரையும்

ஐ.பி.எல். பரிமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும், இரு அணிகளின் சம்மதம் வேண்டும். ரசிகரின் சம்மதம் வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கையெழுத்துப் போட இடம் தராத பத்திரத்துக்குத்தான் மனிதன் இவ்வளவு கருத்துச் சொல்கிறான். இடம் தந்தால் மேற்படிப் பொருளாளரைப் போலப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுவான். ஆகவே கருத்து என்பது பங்கில்லாதவரின் பங்கு என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது.

அப்படியானால் ரசிகரையே பரிமாறினால் என்ன? சங்கராபுரம் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சென்னை ரசிகர் ஒருவரிடம் இத்திட்டம் முன்வைக்கப்பட்டது. சாம்சனுக்குக் கொடுத்த அதே 18 கோடி. நீலச் சட்டை போட்டுக்கொண்டு மும்பைக்குக் கைதட்டவேண்டும். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைப் பார்த்தபடியே யோசித்தார்.

“போட்டுக்கலாம் சார், சட்டைதான. சென்னை மேட்ச் அன்னிக்கி மட்டும் லீவு குடுத்துடுங்க.”

ஐ.பி.எல். ஆட்சிக்குழு அடுத்த பரிமாற்றக் காலம் திறப்பதற்குள் இவ்விடுப்பு சம்பளத்துடனா, சம்பளமில்லாமலா என்பதைத் தெளிவுபடுத்தும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.