ஒயரை வெட்டாத உத்தமர்

காரில் கூடுதலாக ஒரு மீட்டர் மாட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தார் சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, "போட்டு விடுப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்புவதற்குள், கைக்கு அகப்பட்ட ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வேலை முடிந்திருக்கும். மீட்டர் எரியும். ஆறு மாதம் கழித்து ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடும். இவர்களைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

நான் சொல்ல வந்தது இரண்டாம் ரகம். எந்த அபார்ட்மென்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் அபார்ட்மென்ட் மீட்டர்காரருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் வயது. கார் சீட்டில் ஷோரூம் பாலிதீன் இன்னும் கிழியவில்லை. டிவி ரிமோட்டுக்கு உறை, அந்த உறைக்கு ஒரு ரப்பர் பேண்டு. மிக்ஸி முதல் இஸ்திரிப்பெட்டி வரை வாங்கிய அத்தனைக்கும் அட்டைப்பெட்டி தெர்மாகோலோடு பரணில் இருக்கிறது. எதைச் செய்தாலும் செய்யாதது போலத் திருப்பி வைக்க முடிய வேண்டும். கல்யாணத்துக்கு இந்த வசதி இல்லை என்பதை அவர் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார் என்று அவர் மனைவியே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவருடைய குறை ஒன்றுதான். வண்டியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் கிடையாது.

"சிவப்பு லைட் எரியறப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும் சார். அது எச்சரிக்கை இல்ல, இரங்கல் செய்தி. அம்பாசடர்ல தண்ணிச் சூட்டுக்கு, ஆயிலுக்கு, ஆம்பியருக்குன்னு தனித்தனியா முள் இருந்துச்சு, தெரியுமா?"

தெரியும். அத்தனை முள்ளுக்கும் வேலை வைக்கும் வண்டி அது என்பதும் தெரியும். 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டியைப் பற்றி இப்போது எதற்கு மனஸ்தாபம் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அவர் போனது ஓ.பி.டி. வழி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கோளாறு பார்க்கவென்று, 16 பின் உள்ள சாக்கெட் ஒன்று இருக்கும்; அதுதான் ஓ.பி.டி. "அமெரிக்காவில 1996லேயே கட்டாயமாக்கிட்டான் சார்" என்பார், தானே கையெழுத்துப் போட்டது போல. அதில் ஒரு புளூடூத் கட்டையைச் செருகினால் இன்ஜின் சூடு செல்போனில் தெரியும். வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 16ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து நேராக கரண்ட் வருகிறது; சாவியை எடுத்தாலும் அது சாகாது. குடும்பத்தோடு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கட்டை மட்டும் ராப்பகலாக விழித்திருந்து பேட்டரியைத் துடைத்து வைத்திருந்தது. போதாததற்கு, சிக்னலில் மைத்துனர் போன் செய்தால் 89 டிகிரி மறைந்து மைத்துனர் முகம் வருகிறது. எது அதிகச் சூடு என்று தெரியவில்லையாம்.

ஆகவே அசல் முள் வைத்த 52 மி.மீ. வட்ட மீட்டர்தான் என்று முடிவாயிற்று. கடைப் பையன் டேஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்த்து, "இந்த மஞ்சள் ஒயர்ல ஒரு லைன் எடுத்தா அஞ்சே நிமிஷம் சார்" என்று கட்டிங் பிளேயரை எடுத்தான். நம்மவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடை ஷட்டர் பாதி இறங்கியதாகக் கேள்வி. இதில் நான் அவர் கட்சி. மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக்குக்குப் போவது. அதில் கை வைப்பவனுக்கு மீட்டர் பார்க்கும் முகம் மிஞ்சுமா என்பது சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. டிரைவர் சீட்டின் முதுகில் கால்கள், பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் தலை, வாயில் டார்ச். அவர் மகன் சாவியோடு உட்கார்ந்திருந்தான்.

"டேய், ஆன் பண்ணு... ஆஃப் பண்ணு... ஆன்!"

"இப்ப ஆன்லதான்பா இருக்கு."

"அப்ப ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு!"

சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஃபியூஸ் எது என்று டெஸ்ட் லேம்ப் வைத்துத் தேடுகிறார். கிடைத்ததும் அதைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஃபியூஸ் டேப் என்ற சின்னக் கூட்டைச் செருக வேண்டும். கீழ்த் தட்டில் பழைய ஃபியூஸ், மேல் தட்டில் மீட்டருக்கான 3 ஆம்பியர் ஊதா ஃபியூஸ், பக்கவாட்டில் ஒரு ஒயர். இதைத் தலைகீழாகச் செருகினாலும் மீட்டர் எரியும். ஆனால் இரண்டு சுமையும் பழைய ஃபியூஸ் தலையில் விழும். இந்தச் சூட்சுமத்தை அவர் எனக்கு விளக்கியது லிஃப்டில். லிஃப்டு ஆறாவது மாடிக்குப் போய்க் கீழே வந்து மறுபடி போயிற்று. எர்த்துக்கு, ஏற்கெனவே பாடியில் இருந்த போல்ட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் தளர்த்தி, அடியில் ஒயரை மாட்டி இறுக்கினார். மீதி ஒயரைக் கதவோர பீடிங்குக்குள், காலாவதியான ஏ.டி.எம். கார்டால் தள்ளித் தள்ளி மறைத்தார். பச்சிளங்குழந்தையை அவர் அவ்வளவு பதமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

இனி சென்சார். அது நிற்க வேண்டியது கூலன்ட் ஓடும் இடத்தில். ரேடியேட்டர் மேல் ஹோஸை நடுவில் அறுத்து, ஒரு அலுமினியத் துண்டைச் சொருகி, அதில் சென்சாரைத் திருக வேண்டும். அறுப்பதா? இரண்டு நாள் மனிதர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பிறகு புது ஹோஸ் ஒன்று விலைக்கு வாங்கி, அதை அறுத்தார். வண்டியோடு வந்த ஹோஸ் செய்தித்தாள் சுற்றி, தேதி எழுதி, பரணுக்குப் போயிற்று. எல்லாம் மாட்டியும் முள் அசையவில்லை. இருபுறமும் ரப்பர் இருக்க, நடுவில் நிற்கும் உலோகத்துக்கு எர்த் எங்கிருந்து கிடைக்கும்? அதற்குத் தனியாக ஒரு ஒயர், அதுவும் ஏற்கெனவே இருந்த போல்ட்டிலேயே.

மீட்டர் வேலை செய்தது. அன்றோடு அந்தக் குடும்பத்தின் நிம்மதி போயிற்று.

முள் வைத்த கார்களில்கூட கம்பெனி ஒரு காரியம் செய்வதுண்டு. சூடு 80 ஆனாலும் 100 ஆனாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்துவிடுவார்கள். நம் மீட்டர்காரரை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார்கள். இவர் மாட்டிய முள்ளோ உள்ளதை உள்ளபடி சொல்லும். ஏப்ரலில் கொல்லிமலை போனார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவில் 95. "ஏ.சி.ய நிறுத்து!" பதினைந்தில் 98. "ஹீட்டரைப் போடு!" ஹீட்டர் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும் என்பது சாஸ்திரப்படி சரிதான், அது இறங்கிய இடத்தில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். கூலன்ட் குக்கர் மாதிரி மூடிக்குள் அழுத்தத்தில் இருப்பதால் 100இல் கொதிக்காது, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி இறக்கிவிடும் என்பதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? கண்ணுக்கு எதிரே முள் ஏறுகிறதே.

"என்னங்க, அருவி எந்தப் பக்கம்?"

"தொண்ணூத்தி ஏழு" என்றாராம்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் முந்தின இரவு மீட்டர், ஒயர், ஃபியூஸ் டேப் எல்லாம் கழன்று ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். ஹோஸ் மாற்றிக் கூலன்ட் நிரப்ப நள்ளிரவு ஆகிவிடும். எல்லாம் வாரண்டிக்காக. காலையில் சர்வீஸ் அட்வைசர் பானெட்டைக்கூடத் திறக்காமல், "ஃபாக் லேம்ப் ஆஃபர் இருக்கு சார், நம்ம பையனே ஒயரை கட் பண்ணி ஜாயின்ட் அடிச்சிருவான்" என்றாராம். அன்று சர்வீஸ் செய்யாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

வாரண்டி முடிந்ததும் வெட்டுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். நீட்டிப்பு வாரண்டி வாங்கிவிட்டார். அதுவும் முடிந்தபோது வண்டியை விலை பேசினார். விற்பதற்கு முன் பரணிலிருந்து பழைய ஹோஸ் இறங்கிற்று, மீட்டர் டின்னுக்குள் போயிற்று. டேஷ்போர்டில் ஒரு துளை இல்லை, கீறல் இல்லை. வாங்க வந்தவர் டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். திருப்திதான்.

"எல்லாம் கம்பெனி கண்டிஷன்ல இருக்கு சார். ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மட்டும் இருந்திருந்தா சொன்ன விலைக்கே எடுத்திருப்பேன்" என்றார்.