பால் கணக்கு

கேள்வி: பெருக்கலும் வகுத்தலும் கலந்து வரும் கணக்கில் எதை முதலில் செய்வது? (வாசகர், சுங்கை பூலோ)

பதில்: இந்தக் கணக்குக்குச் சுங்கை பூலோவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அங்கே ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று குவாசா டாமன்சாரா நகரியம் எழும்பியிருக்கிறது.

ஒருவர் 400 ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறார். மரத்துக்கு 75 கிராம் பால் என்று வைத்துக்கொண்டால் 30,000 கிராம், அதாவது 30 கிலோ. பாலில் பெரும்பகுதி தண்ணீர். உலர் ரப்பர் 35 விழுக்காடு என்றால் 30 × 35 ÷ 100 = 10.5 கிலோ. கிலோ 6 வெள்ளி வீதம் 63 வெள்ளி. முதலாளிக்குப் பாதி போனால் கையில் 31 வெள்ளி 50 காசு. இங்கே பெருக்கலுக்குப் பிறகே வகுத்தல் வருவதால் எதை முதலில் செய்தாலும் விடை மாறாது; வகுத்தல் முன்னால் வந்தால் இடமிருந்து வலமாக வரிசைப்படி செய்ய வேண்டும்.

வாளியில் 10 கிலோ தண்ணீர் ஊற்றினால்? எடை 40 கிலோ ஆகும், விழுக்காடோ 26.25க்கு இறங்கும். பெருக்கினால் பழைய 10.5தான். ஆசை ஊற்றியதை வகுத்தல் வடித்துவிடும்.

கழித்தல் நுழைந்தாலும் வம்புதான். லாரிச் செலவு 5 வெள்ளியைப் பங்குக்கு முன் கழித்தால் வெட்டியவருக்கு 29 வெள்ளி. பங்குக்குப் பின் அவர் தலையில் மட்டும் கட்டினால் 26 வெள்ளி 50 காசு. ஆகவே லாரி வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.