சமாதானம் ஏறச் சுவிட்சர்லாந்து போனவர்கள்

1949-இல் கராச்சியில் கூடிக் காஷ்மீரில் இந்திய-பாகிஸ்தான் போர்நிறுத்தக் கோடு போட்டவர்கள் என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு களைத்துப்போனார்கள். அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு எழுந்துவிட்டார்கள். சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு கோட்டைத் திருத்தியவர்களும் அதே புள்ளியில்தான் பென்சிலைக் கீழே வைத்தார்கள். பனிக்கட்டிக்கு எவன் அடித்துக்கொள்ளப் போகிறான் என்ற நம்பிக்கை!

எழுபதுகளில் பாகிஸ்தான் வெளிநாட்டு மலையேறிகளுக்கு அந்தப் பக்கம், சியாச்சின் பனியாற்றைச் சுற்றியுள்ள சிகரங்களில் ஏற அனுமதி கொடுக்க ஆரம்பித்தது. சீட்டுக் கிழிப்பவனுக்கே இடம் சொந்தம் என்பது பேருந்து நிலையக் கழிப்பறைச் சட்டம். இந்தியா விடுமா? 1978-இல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் ராணுவத்தினரை அனுப்பியது, அதுவும் மலையேற்றம் என்றே. கயிறும் கோடரியும் போன தடத்தில் 1984 ஏப்ரல் 13 அன்று துப்பாக்கியும் போய்ச் சேர்ந்தது.

சியாச்சினில் குண்டடிபட்டவர்களைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொன்றவர்களே அதிகம். 2003 நவம்பரில் இரு தரப்பும் சுடுவதை நிறுத்தின. பனிக்கு அந்த உத்தரவின் நகல் போகவில்லை போலும். 2012-இல் கயாரியில் பாகிஸ்தான் முகாமில் 140 பேரை மூடியது. 2016-இல் மெட்ராஸ் ரெஜிமென்டின் பத்துப் பேரை விழுங்கியது. அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. மூவர்ணக் கொடி போர்த்தினோம், டிவியில் முழங்கினோம், அடுத்த பத்துப் பேரை மேலே ஏற்றினோம்.

சமாதானத்துக்கு முயலவே இல்லை என்றால் நாக்கு அழுகிவிடும். 2002, ஐ.நா. அறிவித்த சர்வதேச மலைகள் ஆண்டு. இரு நாட்டு மலையேறிகளும் அமைதிக்காகச் சேர்ந்து ஏறினார்கள். எங்கே? சுவிட்சர்லாந்தில்! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை; சியாச்சின் இருக்கும் காரகோரத்தில் யார் சேர்ந்து ஏற விட்டார்கள்? சியாச்சினை அமைதிப் பூங்காவாக்கலாம் என்று மலையேறிகள் சிலர் தொண்டை வறளச் சொன்னார்கள். 2005-இல் மன்மோகன் சிங் நேரிலேயே போய், இது அமைதி மலையாகட்டும் என்றார். கைதட்டல். 2019-இல் சியாச்சினின் குமார் சாவடி வரை சுற்றுலாப் பயணிகள் போகலாம் என்று அறிவிப்பு வந்தது. பூங்காவுக்கு இடமில்லாத மலையில் செல்ஃபிக்கு இடம் இருந்திருக்கிறது.

இரு படைகளும் இறங்குவதற்கு முட்டுக்கட்டை என்ன தெரியுமா? யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் குறித்துக் கையெழுத்துப் போடு, பிறகு இறங்குகிறேன் என்கிறது தில்லி. குறித்தால் நீ பிடித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறது இஸ்லாமாபாத். மைனஸ் 50 டிகிரியில் பையன்களின் விரல்கள் கறுத்து, வெட்டி எறியப்படுகின்றன. ஏ.சி. அறையில் பத்து விரலும் பத்திரமாக இருக்கிற கனவான்களுக்குத்தான் பேனா பிடிக்க வரவில்லை!

ஆனாலும் போக்குவரத்து நிற்கவில்லை. பனிப்பிளவுகளில் நாம் கொட்டும் மலமும் தகர டப்பாக் கசடும் மண்ணெண்ணெயும் உருகும் பனியோடு நுப்ரா ஆற்றில் இறங்குகின்றன. ஷியோக்கில் கலந்து, பாகிஸ்தான் வசமுள்ள பல்திஸ்தானில் சிந்துவோடு சேர்கின்றன. அந்தச் சரக்கு எல்லை தாண்டுவதற்கு மட்டும் இரு அரசுகளும் இதுவரை வரைபடமும் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை.