முற்பகல் மேடம், பிற்பகல் மேடம்

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை அறையில் மின்விசிறி ஒன்றுதான். அதற்கு நேர் கீழே போட முடிந்த நாற்காலியும் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்ததும் நான் படித்த முதல் பாடம் அது.

நாற்காலிக்கு உரிமை கொண்டாடிய இரண்டு மேடங்களும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். ஒருவர் பணியேற்புக் கடிதத்தில் ‘முற்பகல்’ என்றிருக்கும். இன்னொருவர் வந்த பஸ் வழியில் பஞ்சராகி, அவருக்குப் ‘பிற்பகல்’ என்று விழுந்துவிட்டது. அந்தப் பஞ்சர் 20 வருடம் ஓடியது. துறைத்தலைவர் யார் என்ற பேச்சு வந்தாலே பிற்பகல் மேடம், “அன்னைக்கு அந்த டயர் மட்டும்...” என்று ஆரம்பிப்பார்.

இருவர் மேசைக்கும் நடுவே 6 அடி. “பீரோ சாவி வேணும்னு அந்த மேடம்கிட்ட சொல்லிடும்மா” என்பார் ஒருவர், அந்த மேடம் காதில் விழும்படியாகவே. “நாளைக்குத் தர்றேன்னு சொல்லிடும்மா” என்று என் பக்கம் பதில் வரும். கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிச் சொல்வேன். பீரோவுக்குள் என்ன இருந்தது என்கிறீர்களா? பழைய வருகைப் பதிவேடுகள், உடைந்த ஸ்டேப்ளர், என்றோ கல்லூரி நாளுக்குக் கட்டிய ஜரிகைத் தோரணம்.

2010-இல் யு.ஜி.சி. பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. மதிப்பெண் கொண்டுவந்தது. குழுக்களில் இருந்தால் அதற்கும் மதிப்பெண். அதுவரை நாதியற்றுக் கிடந்த இயற்கை மன்றத்துக்குத் திடீரென்று இரண்டு பொறுப்பாளர்கள். வேப்பங்கன்று நட்ட அன்று மண்வெட்டியை இருவரும் பிடித்தவர்கள் விடவில்லை. போட்டோவில் இரண்டு பட்டுப்புடவை தெரிகிறது, கன்று தெரியவில்லை.

ஆண்கள் இருக்கும் துறைகளில் இதெல்லாம் இல்லையா? தாராளமாக உண்டு. அங்கே அதற்குப் பெயர் ‘கருத்து வேறுபாடு’. எங்களுக்கு மட்டும் ‘பொம்பளைங்க சண்டை’.

கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வந்தபோது, துறையில் ஒற்றுமை எப்படி என்று கேட்டார்கள். இருவரும் ஒரே குரலில், “ஒரே குடும்பம் சார்!” பொய் என்று சொல்ல மாட்டேன். நாத்தனார் இருக்கிற வீடும் குடும்பம்தானே.

முற்பகல் மேடம் போன வருடம் மே மாதம் ஓய்வுபெற்றார். பிற்பகல் மேடம் இந்த வருடம் மே மாதம். நாற்காலியும் பீரோ சாவியும் இப்போது என்னிடம். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் நேற்று சாவி கேட்டாள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.