மாவுக் கணக்கு

அப்பா எந்தச் செலவையும் யோசிக்காமல் செய்தவர் இல்லை. யோசித்து யோசித்து, பெரும்பாலும் செய்யாமலே விட்டவர். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினால், வீடு இருக்கும் திருவானைக்கோவில் வரை டிக்கெட் எடுக்க மாட்டார். மாம்பழச் சாலையிலேயே இறங்கிவிடுவார். ஒரு ஸ்டேஜ் மிச்சம். மீதித் தூரத்தை வெயிலில் நடந்து வந்து, மிச்சம் பிடித்த காசை நோட்டில் வரவு வைத்துவிட்டுத்தான் மோர் குடிப்பார்.

"செருப்பு தேயுதே, அதை எந்தப் பக்கம் எழுதுவீங்க?" என்று அம்மா கேட்பாள்.

"நடந்தா உடம்புக்கு நல்லது."

அவ்வளவுதான். அப்பா ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவில் செலவு என்று ஏதாவது தலைகாட்டினால், அது நைசாக வரவுப் பக்கத்துக்கு இடம் மாறிவிடும்.

அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதியவர் அவர். வீட்டிலும் ஒரு நீள நோட்டு உண்டு. எது வாங்குவதாக இருந்தாலும் பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் லாபம் என்று எழுதுவார். பெஞ்சமின் பிராங்க்ளினை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வழி பிராங்க்ளின் காட்டியதுதான். 1772-ல் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு முடிவெடுக்கத் திணறி யோசனை கேட்டபோது, எதைச் செய்வது என்று சொல்லாமல் எப்படி முடிவெடுப்பது என்று பிராங்க்ளின் பதில் எழுதினார். தாளை இரண்டாகப் பிரித்துக்கொள், சாதகத்தை ஒரு பக்கமும் பாதகத்தை மறு பக்கமும் எழுது, மூன்று நான்கு நாள் விட்டு யோசி, சமமானவற்றை அடித்துவிட்டு மிஞ்சுவதைப் பார். ஏழு வருஷம் கழித்து, பெண் தேடிக்கொண்டிருந்த ஓர் உறவுக்கார இளைஞருக்கும் இதே வைத்தியத்தைச் சொன்னார். இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளாவிட்டால் உனக்குக் கல்யாணமே ஆகாது என்று மிரட்டலும் சேர்த்து.

அப்பாவின் கல்யாணத்துக்கு நோட்டு தேவைப்படவில்லை. ஆயுசு முழுக்கக் கூட இருக்கப் போகிறவளை, ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்து அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். வருஷக்கணக்கில் பொருத்தம் பார்த்தது கிரைண்டருக்குத்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்ய ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கும் ஒன்றிரண்டு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆட்டுக்கல்தான். சாயங்காலம் அம்மா ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி அதன் முன்னால் உட்காருவாள். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை ஒவ்வொரு சுற்றுக்கும் மாவைக் குழிக்குள் தள்ளிவிடும். இடையிடையே சொம்பிலிருந்து தண்ணீர் தெளிப்பாள். உளுந்து பொங்கி வந்ததும் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பார்ப்பாள். மிதந்தால் பதம்; மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். உளுந்து முடிந்தால் அரிசி காத்திருக்கும். ஆறு பேர் சாப்பிடுகிற வீடு.

"ஏங்க, ஒரு கிரைண்டர் வாங்கிடலாமா?"

நோட்டு வந்தது. செலவுப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. கிரைண்டர் விலை, பவர் பிளக் வைக்க எலக்ட்ரீஷியன் கூலி, ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லில் ஏறப்போகும் தொகை, பெல்ட் அறுந்தால் மாற்றுகிற செலவு, கரண்ட் இல்லாத நாளில் எப்படியும் ஆட்டுக்கல்தான் என்ற குறிப்பு. லாபப் பக்கத்தில் ஒரே வரி: 'கல் கொத்துகிறவருக்குக் கொடுக்கும் கூலி மிச்சம்.' அம்மாவின் தோள்பட்டை எந்தப் பக்கத்திலும் இல்லை. அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. ராத்திரி அம்மா தோளைப் பிடித்துக்கொண்டால் தைலம் எடுத்துக் கொடுப்பார். தைலத்தின் விலை நோட்டில் இருந்தது, மருந்துச் செலவு என்ற தலைப்பில்.

அம்மா வாதம் செய்யவில்லை. நாலு வீடு தள்ளி, படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு மாவு அரைத்துக் கொடுத்தார்கள். ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்குவாளியில் போட்டு என்னிடம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தாள். மாதக் கடைசியில் அப்பா நோட்டுடன் உட்கார்ந்தார்.

"மாவு அரைச்ச கூலின்னு போட்டிருக்கே, இது என்ன புதுச் செலவு?"

"இத்தனை வருஷமா இருந்த செலவுதாங்க. இப்பத்தான் காசு வாங்கிக்கிறாங்க."

அப்பா பேசவில்லை. அந்தக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கினார். கிரைண்டர் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தை பிறந்ததும் கிரைண்டர் வந்தது. வந்தவர்களிடமெல்லாம், கணக்குப் பார்த்து வாங்கினேன் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அம்மா காப்பி கொடுத்துவிட்டு, கிரைண்டர் குழவியைத் தூக்கி வெளியே வைத்து, ஒட்டியிருந்த மாவை வழித்து, கழுவிக் கவிழ்த்தாள். கழுவுகிற வேலைக்கு நோட்டில் வரி கிடையாது.

இப்போது நாங்கள் முன்னேறிவிட்டோம். எங்கள் வீட்டிலும் கிரைண்டர் உண்டு. பண்டிகைத் தள்ளுபடியில், வட்டியில்லாத் தவணையில், ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்து வாங்கியது. சமையல் மேடைக்குக் கீழே துணி போர்த்தி வைத்திருக்கிறோம். கழுவுவது பெரிய வேலை என்பதால் மாவு பாக்கெட் வாங்குகிறோம். கிரைண்டருக்குக் காசே தேவைப்படாத காலமும் வந்து போனது: 2011-ல் தமிழக அரசே தகுதியுள்ள குடும்பங்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. விலை, கரண்ட், பெல்ட் என்று அப்பா போட்ட கணக்கில் முதல் வரியே காலி.

பாக்கெட் மாவு வாங்குவதற்கான வாதம், நேரம் மிச்சம் என்பது. அந்த நேரத்தை நாங்கள் வீணாக்குவதில்லை. மனைவி ஒரு செயலியிலும், நான் ஒன்றிலும், பையன் இன்னொன்றிலும் மாவு விலை பார்க்கிறோம். ஒன்றில் விலை குறைவு, டெலிவரிக் கட்டணம் கூட. இன்னொன்றில் டெலிவரி இலவசம், ஆனால் இன்னும் கொஞ்சம் ரூபாய்க்கு வாங்கினால்தான். அதற்காகச் சிப்ஸ் சேர்க்கிறோம். சிப்ஸுக்குத் தள்ளுபடி இருப்பதால் இரண்டாகச் சேர்க்கிறோம். கூப்பன் எங்கேயோ இருந்ததே என்று பையன் தேடுகிறான். அரைமணி கழித்து, ஏழு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்ட திருப்தியுடன் ஆர்டர் போடுகிறோம். மாவு பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது.

அதாவது, ஒரு பையன் கொண்டுவருகிறான். மழையானாலும் லிஃப்ட் வேலை செய்யாவிட்டாலும் மூன்று மாடி ஏறி வருகிறான். தாமதமானால் புகார் எழுதத் திரையில் இடம் இருக்கிறது. அவன் மூட்டுக்கு அதில் இடம் இல்லை. அப்பாவின் நோட்டைவிட இது நவீனமானது. கோடு போடுகிற வேலையையும் அதுவே செய்துவிடுகிறது.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பாக்கெட்டைக் கத்தரிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "அரைக்கப் போறது மெஷின். கழுவுறதுக்குமா உங்களுக்கு வலிக்குது?" உங்களுக்கு என்கிற அந்தப் பன்மையில் நானும் இருக்கிறேனா, அல்லது மனைவி மட்டும்தானா என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை.

விசாரிக்க அரசாங்கம் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97. அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்ட சராசரி. திரும்பியே பார்க்காதவர்கள் இதில் சேர்த்தி இல்லை. இந்த ஐந்து மணி நேர உழைப்பு நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் வராது. அதே மாவை நாலு வீடு தள்ளிக் கூலிக்கு அரைத்தால், அது பொருளாதாரம்.

தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 முதல், தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததற்கு, பெண்களின் ஊதியமில்லா உழைப்பை அங்கீகரிப்பதே காரணம் என்று சொன்னார்கள். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வாங்குவதால் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. செய்தியைப் படித்துச் சொன்னபோது, அரசு ஊழியரின் மனைவியாக அத்தனை வருஷம் இருந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அரியர்ஸ் உண்டாப்பா?"

வரவு செலவு பார்த்து முடிவெடுப்பது நல்ல பழக்கம், விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் தாளில் கோடு போடுவதற்கு முன்னால், இந்த வேலையை இதுவரை சும்மா செய்துகொண்டிருப்பது யார் என்று ஒரு கேள்வி கேட்டு, அந்தப் பெயரை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாத கணக்கு, கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும், தப்புக் கணக்குதான்.