சுற்றறிக்கையின் தோற்றமும் வீழ்ச்சியும்: திருவாலங்காட்டுச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

எழுதி அனுப்பிவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்புவது அலுவலக உலகின் பழைய மூடநம்பிக்கை. இன்ட்ராநெட் வந்த பிறகு அது மதமாகவே ஆகிவிட்டது. இம்மதத்தின் மூலநூலைத் தேடி இவ்வாய்வாளன் அரக்கோணம் ரயிலில் ஏறித் திருவாலங்காட்டில் இறங்கினான். மற்றவர்கள் இரத்தின சபையையும் காரைக்கால் அம்மையாரையும் நாடி வரும் ஊர் அது. நமக்கோ லௌகீகக் கவலை.

1905-இல் இங்கே கிடைத்த முதலாம் இராஜேந்திர சோழனின் செப்பேடுகள் 31. பக்கத்து ஊரான பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக்கிய ஆணை அது. அவனது 6-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில் பிறந்தது. வரலாற்றறிஞர்கள் அதில் சோழர் வம்சாவளியைத் தேடினார்கள். நாம் தேடியது, ஒரு மெமோ எப்படி நகர்கிறது என்பதை.

முதலில் சமஸ்கிருதத்தில் 271 வரிகள். சூரியன் தொட்டு வரும் குலப்பெருமை. அதன் பிறகே தமிழில் 524 வரிகள், விஷயம். தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு என்று அறிய, நிறுவனத்தின் தொலைநோக்கு, தலைவர் படம், பெற்ற விருதுகள் எல்லாவற்றையும் தாண்டி வரச்செய்யும் ஹெச்.ஆர். மெயிலுக்கு மூதாதை இதுவே என்க. என்ன, இராஜேந்திரன் நிஜமாகவே ஜெயித்தவன்.

அந்தப் பெருமையில் கடார வெற்றியும் இருக்கிறது. கடாரம் வீழ்ந்ததோ 1025 வாக்கில். வடமொழிப் பகுதி பின்னால் சேர்க்கப்பட்டது என்று அறிஞர்கள் இப்புதிரை அவிழ்த்தார்கள். இன்ட்ராநெட் பக்கம் பராமரிக்கும் எவரையாவது கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்: பழைய பக்கத்தைத் திறந்து, புதுப் பெருமையை ஏற்றி, தேதியை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

சோழர் செப்பேடுகள் காட்டும் நடைமுறையைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். அரசன் வாயால் சொல்வான். ஓலை எழுதுவோன் எழுதுவான். திருமந்திர ஓலை நாயகம் ஒப்பமிடுவார். புரவுவரித் திணைக்களத்தார் கூடி, ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுத, வரிக்கணக்கில் ஏற்றுவார்கள். பிறகு திருமுகம் நாட்டாருக்குப் போகும். அவர்கள் எதிர்கொண்டு போய், தொழுது வாங்கி, தலையில் வைத்துக்கொள்வார்கள். அதோடு விட்டார்களா? பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, செய்து முடித்தோம் என்று அறவோலை எழுதிக் கொடுத்தார்கள்.

நம் சுற்றறிக்கையோ 'பொருள்' என்று தொடங்கி, 'பார்வை 1, 2, 3' எனப் படியிறங்கி, கோணலாக ஸ்கேன் செய்யப்பட்ட பிடிஎஃபாக வாட்ஸ்அப் குரூப்பில் விழுகிறது. அடுத்த நொடி 'நோட்டட் சார்' மழை. முதல் 'நோட்டட்' அனுப்பியவர் கோப்பைத் திறந்திருக்க அந்த நொடிக்குள் வாய்ப்பே இல்லை. பிறகு வரிசையாகக் கட்டைவிரல்கள். கட்டைவிரல் படித்ததற்கு அடையாளம் என்பர் ஒரு சாரார். இனிப் படிக்கப்போவதில்லை என்பதற்கு அடையாளம் என்பதே எம் துணிபு. சான்று வேண்டுவோர் மறுநாள் காலை வரை காத்திருக்கலாம்.

"சார், மீட்டிங் எத்தனை மணிக்கு?"

"மேலே பாருங்க சார்."

மேலே என்றால் எங்கே? நாற்பது 'நோட்டட்'டுக்கும் இரண்டு பிறந்தநாள் கேக்குக்கும் அப்பால்.

செப்பேட்டில் வரும் அதே பழையனூரின் வேளாளர் எழுபது பேரோ, நீலி கதையில், ஒரு வணிகனுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தீப்பாய்ந்தவர்கள். அவர்களில் ஒருவரும் 'நோட்டட்' என்று சொன்னதாக மரபில் இல்லை.

யானைக்கு இன்று அனுமதி வாங்குவது கடினம். ஆகவே சுற்றறிக்கை எழுதுவோருக்கு விண்ணப்பம்: யார், என்ன, எப்போது என்பதை முதல் வரியில் எழுதுங்கள், மெய்க்கீர்த்தியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மறுநாள் ஓர் ஆளை மேசை மேசையாக அனுப்பிக் கேட்டுவரச் சொல்லுங்கள். இந்த ஆய்வை ஆபீஸ் குரூப்பில் போட விரும்புவோர், தயவுசெய்து பிடிஎஃபாகப் போட வேண்டாம்.